கேதம் கேட்டலும் குற்றம் ஏற்றலும்

கரிசல் பக்கத்து ஊர்களில் கேதம், அதாவது சாவு, நடந்த வீட்டுக்குப் போகிற ஆண், வாசலில் வாய் திறப்பதில்லை. பந்தலுக்கு வெளியே இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பங்காளிகள் வரிசையாக நிற்பார்கள். வந்தவர் இரண்டு கைகளையும் நீட்டுவார். கேதக்காரர் தன் கைகளை அதில் வைத்து எடுப்பார். அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று வரிசை முடிந்ததும் வந்தவர் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். "வாங்க" என்று யாரும் கூப்பிடுவதில்லை. கிளம்பும்போது அவரும் "போயிட்டு வாரேன்" என்று சொல்லமாட்டார். கேத வீட்டுக்கு யாராவது திரும்பி வருகிறேன் என்று சொல்வார்களா? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். நாள் பூராவும் வரவேற்பும் விடைபெறுதலுமாகவே பேசிக்கொண்டிருக்கிற ஒரு சமூகம் அந்த ஒரு வீட்டு வாசலில் மட்டும் இரண்டையும் நிறுத்திவைக்கிறது.

பேச்சு நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான். அதுவும் இப்படித்தான் இருக்கும்.

"எப்ப மாப்ள?"

"விடியக்காலம் நாலு மணி இருக்கும் மாமா."

"முந்தாநாள்கூட டீக்கடையில பாத்தனே."

"நல்லாத்தான் இருந்தாரு. ராத்திரி ரெண்டு இட்லி சாப்பிட்டாரு. நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குன்னாரு. அம்மா சுக்குத்தண்ணி வச்சுக் குடுத்திருக்கா..."

"ஆஸ்பத்திரிக்கு?"

"ஆட்டோவக் கூப்பிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

"ம். அவரு காலம் அவ்வளவுதான். கெடந்து சீரழியாமப் போயிட்டாரு. யாரு கையில என்ன இருக்கு? அம்மாவப் பாத்துக்க."

அவ்வளவுதான். அவர் எழுந்ததும் இன்னொருவர் வந்து உட்காருவார். மறுபடியும் "எப்ப?" மறுபடியும் நாலு மணி, ரெண்டு இட்லி, சுக்குத்தண்ணி, ஆட்டோ. காலையில் இதைச் சொல்ல ஆரம்பித்தபோது அந்த மகனுக்குச் சுக்குத்தண்ணியைத் தாண்ட முடியவில்லை, தொண்டை அடைத்துவிட்டது. மத்தியானம் வாக்கில் தாண்டிவிடுகிறான். எடுக்கிற நேரத்துக்குள் அந்த இரவு தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு கதையாகிவிட்டது. முதலில் சொன்ன பல விவரங்கள் உதிர்ந்துபோயின. எப்படியோ இட்லி மட்டும் தங்கிவிட்டது. இனி பதினாறாம் நாள் கருமாதியிலும், அடுத்த வருஷத் திதியிலும், பேரன் கேட்கும்போதும் இந்தக் கதைதான்.

நம் ஊரில் ஆறுதல் சொல்லும் வேலையைச் செய்வது இந்த விசாரணைதான் என்று நினைக்கிறேன். வந்தவர் சொல்லும் வாசகங்களுக்கு அதில் பெரிய பங்கு கிடையாது. கேட்பது அவர் வேலை, பேசுவது கேதக்காரர் வேலை. எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பதால்தான் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்ல வாய்க்கிறது. சொல்லிச் சொல்லித்தான் அது தாங்கக்கூடிய உருவத்துக்கு வருகிறது. வருகிறவர்களெல்லாம் ஆளுக்கொரு புதுக்கேள்வி கேட்டிருந்தால் அந்த மகன் சாயங்காலத்துக்குள் நொறுங்கியிருப்பான்.

இலக்கியக்காரர்களான நமக்குத் தேய்வழக்கு என்றாலே ஆகாது. யாராவது ஒரு கவிதையில் "யார் கையில் என்ன இருக்கிறது" என்று எழுதினால் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பிவிடுவோம். அதே கண்ணோடு கேத வீட்டுக்கும் போகிறோம். எல்லோரும் சொல்வதைச் சொல்லக் கூசுகிறது. அதனால் புதிதாக ஏதாவது சொல்லிப் பார்க்கிறோம்: "அவர் எங்கேயும் போகலை, உங்க சிரிப்புல இருக்காரு" என்கிற மாதிரி. கேட்பவர் முகத்தைக் கவனித்தால் தெரியும். அந்த வாக்கியத்தை அவர் புரிந்துகொள்ள வேண்டும், அதற்கு ஒரு பதில் தேட வேண்டும், நன்றாகச் சொன்னதற்காக நன்றியும் காட்ட வேண்டும். இரவெல்லாம் தூங்காத ஆளிடம் இத்தனை வேலை வாங்குகிறோம். "அவரு காலம் அவ்வளவுதான்" என்பது யாரிடமும் எதையும் கேட்பதில்லை. காது அதை முன்னமே அறிந்துவைத்திருக்கிறது. "ம்" என்று தலையாட்டினால் போதும்.

பெண்கள் பக்கம் இது இன்னும் கச்சிதம். தெருமுனையில் வரும்போதே குரல் எழும்பிவிடும். உள்ளே இருப்பவர்கள் எழுந்து வந்து சேர்த்துக்கொள்வார்கள். தோளோடு தோள் கோத்து, தலையோடு தலை சாய்ந்து வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி. முறை சொல்லி அழைப்பது, இழுவை, எந்த உறவுக்கு எந்த உவமை என்பதெல்லாம் எப்போதோ தீர்மானமானவை. தாய்க்குச் சொல்வதைப் புருஷனுக்குச் சொல்வதில்லை. இசபெல் கிளார்க்-தெசே என்கிற மானுடவியலாளர் தமிழ்நாட்டு ஒப்பாரிகளைப் பற்றி 2005-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். செத்தவருக்காக யாரும் அழுவதில்லை என்பதுதான் தலைப்பு. வட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருத்தியும் தன் சொந்த இழப்பையும் தன் கதியையும்தான் அழுகிறாள் என்று அந்தப் பெண்களே அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நம் பாட்டிகளுக்கு இது செய்தியே இல்லை. வார்ப்பு எல்லோருக்கும் பொது என்பதால்தான் யாரோ ஒருவர் வீட்டுச் சாவில் இன்னொருத்தி தன் செத்த பிள்ளையை எடுத்து வைத்து அழ முடிகிறது. அந்த வீட்டுக்காரியும் தப்பாக நினைப்பதில்லை. கூலிக்கு மாரடிப்பது என்று இளக்காரமாகச் சொல்வோம். கூலி வாங்கிய பெண் எதை நினைத்து அழுதாள் என்று யார் கண்டது?

யாழ்ப்பாணத்தில் இது அச்சுக்கே போயிற்று. சாவுக்குப் பிறகு செய்யும் அந்தியேட்டிச் சடங்குக்குக் கல்வெட்டு என்று ஒரு சிறு புத்தகம் அடித்துக் கொடுப்பார்கள். இறந்தவரின் திதியைச் சொல்லும் வெண்பா, குலம், ஊர், படிப்பு, உத்தியோகம், மக்கள் மருமக்கள், பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று ஒரு வரிசை. ஊரில் இதற்கென்றே பாட்டு எழுதித் தருபவர்கள் இருந்தார்கள். மனைவி வாயில் வைக்கப்பட்ட பாட்டை மனைவி எழுதவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பெயரையும் திதியையும் மாற்றினால் அடுத்த வீட்டுக்கும் ஆகும். இலக்கியத்தரம் என்று பார்த்தால் அதில் ஒன்றுமில்லாமல் இருக்கலாம். ஆனால் நாலு இடப்பெயர்வுகளைத் தாண்டி லண்டனிலும் டொரண்டோவிலும் அந்தப் புத்தகங்களைப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.

வாட்ஸ்அப்பில் "ஆழ்ந்த இரங்கல்", அதன்கீழ் கும்பிட்ட கை, அதன்கீழ் இன்னும் நாற்பது கும்பிட்ட கைகள் என்று வருவதைக் கிண்டல் செய்வது இப்போது வழக்கம். எனக்கு அந்தக் கிண்டலில் முழு உடன்பாடு இல்லை. ஒரே வாசகத்தை எல்லோரும் ஒட்டுவது பழைய பழக்கம்தான், அதில் கேடில்லை. அங்கே இல்லாமல் போனது கேள்வி. எப்போது, எப்படி, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் எல்லாம் முதல் செய்தியிலேயே வந்துவிடுகிறது. விசாரிக்க ஒன்றும் மிச்சமில்லை. மகன் அந்த இரவை யாரிடமும் சொல்லாமலேயே நாற்பது இரங்கல்களை வாங்கிக்கொள்கிறான்.

பழைய சொல்லைக் கொண்டாடிக்கொண்டே போனால் அதன் கொடுமையை மறைத்தவனாவேன். "பூவோட பொட்டோட போன புண்ணியவதி" என்று ஒரு கிழவி செத்த வீட்டில் சொல்லும்போது, அதே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் விதவைகளைப் பாவிகள் என்றும் சொல்லியாகிறது. கட்டியவனைப் பறிகொடுத்த பெண்ணுக்குப் பதினாறாம் நாள் நாம் செய்ததையெல்லாம் ஆறுதல் கணக்கில் எழுத முடியாது. சேரிச் சாவுக்கு ஊர்க்காரர்கள் தெருமுனை வரை வந்து நின்றுவிட்டுத் திரும்புவதற்கும் தயாராக ஒரு முறைமை இருந்தது. தூக்குப் போட்டுக்கொண்ட பிள்ளைக்கு, சாதி மாறிக் கட்டியதற்காகச் சொந்த வீட்டாரே வெட்டிய பெண்ணுக்குச் சொல்ல எந்த வாசகமும் இல்லை. காலமாவது, அவ்வளவாவது? அந்த வீடுகளில் விசாரிக்க வருகிறவர்களும் குறைவு.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடம் எரிந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மூட்டிய அடுப்பிலிருந்து கிளம்பிய தீ, கூரை வேய்ந்த கொட்டகைக்குத் தாவி மேல்மாடி வகுப்பறைகளைப் பிடித்தது. 94 குழந்தைகள். யாருக்கு யார் கேதம் கேட்பது? பக்கத்து வீட்டிலும் சாவு, எதிர்வீட்டிலும் சாவு. நிவாரணம் வந்தது, தலைவர்கள் வந்தார்கள், ஆழ்ந்த அனுதாபங்கள் வந்தன. வழக்கு நடந்து, 2014 ஜூலை 30 அன்று தஞ்சாவூர் நீதிமன்றம் பத்துப் பேரைத் தண்டித்துப் பதினொரு பேரை விடுவித்தது. அந்தப் பத்து வருஷமும் பெற்றோர்கள் கேட்டுக்கொண்டிருந்தது ஆறுதலை இல்லை. கூரைக் கொட்டகையை அனுமதித்தது யார், அத்தனை பிள்ளைகளை அந்த மாடியில் அடைத்தது யார், பார்வையிட வேண்டிய அதிகாரி எங்கே போனார் என்று கேட்டார்கள். அங்கே போய் "விதி" என்று சொன்னவர் நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அந்தச் சொல் குற்றவாளியின் வக்கீல் சொல்ல வேண்டியது.

நான் சொல்ல வருவதும் அந்த இடத்தைப் பற்றித்தான். சாவு தானாக வந்திருந்தால் பழைய சொல் போதும், பொதுவான சொல்தான் நல்லது. ஒரு கை செய்த கேடு என்றால் அதே பொதுச்சொல் விஷமாகிவிடுகிறது. மன்னிப்பு கேட்பவன் யாரும் இதற்குமுன் சொல்லியிராத வாக்கியத்தைத்தான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் அவன் செய்த காரியம் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே குரல், ஒரே தாழ்ந்த தலை, ஒரே கலங்கிய கண் என்பதால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்துவிடுவது சுலபம். வைக்கிறார்கள்.

நம்முடைய பேச்சுத்தமிழே இதில் கொஞ்சம் ஒத்தாசை செய்கிறது. கால் தெரியாமல் பட்டுவிட்டால் உடனே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். அதில் குழப்பமே கிடையாது. கடையில் இடித்துவிட்டால் "சாரி". கொஞ்சம் பெரிய தப்பு என்றால் "தப்பா நினைக்காதீங்க", "கோவிச்சுக்காதீங்க", "மனசுல வச்சுக்காதீங்க". தப்பு செய்தது நான், கோபப்படாமல் இருக்க வேண்டிய வேலை உங்களுக்கு. வீட்டுக்குள்ளே அதுவும் கிடையாது. கைநீட்டி அடித்த புருஷன் சாயங்காலம் மல்லிகைப்பூவும் அல்வாப் பொட்டலமுமாக வந்து நிற்பதைச் சினிமா எத்தனையோ தடவை காட்டி நம்மைச் சிரிக்க வைத்திருக்கிறது. அது அந்த வீட்டு முதலமைச்சரின் நிவாரண நிதி. தொகை அறிவிக்கப்படும், என்ன நடந்தது என்று அறிவிக்கப்படாது.

தமிழில் ஒரு புருஷன் பெண்டாட்டியிடம் ஒழுங்காகக் குற்றம் ஏற்ற இடம் ஒன்று இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதை. பாண்டிய மன்னன் அரண்மனையில் நடப்பதுதான் எல்லோர் நினைவிலும் நிற்கும். எனக்கு இந்த இடம் அதைவிடப் பெரிதாகப் படுகிறது. மதுரைக்கு வெளியே ஆயர் சேரி, மாதரி கொடுத்த சின்ன வீடு. நெடுவழி நடந்து வந்த கண்ணகி தன் கையால் சமைத்து, வாழை இலை போட்டுப் பரிமாறுகிறாள். அவன் சாப்பிட்டு முடிக்கிறான். வெற்றிலை பாக்கு கொடுக்கிறாள். கல்லும் முள்ளும் மிதித்து வந்த அவள் பாதங்களை நினைத்து இரங்கிவிட்டு, கோவலன் கணக்குச் சொல்லத் தொடங்குகிறான். வெட்டிப்பேச்சுக்காரர்களோடும் பரத்தரோடும் கூடிச் சிரித்துக் காலத்தைப் போக்கினேன். நல்லது சொன்னவர்கள் சொல்லைக் கெடுத்தேன். முதிய பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் பிழைத்தேன். சின்ன வயதிலேயே முதிர்ந்த அறிவுள்ள உனக்குச் சிறுமை செய்தேன். தவறென்றும் பாராமல் கிளம்பு என்றேன், நீ கிளம்பிவிட்டாயே, என்ன காரியம் செய்தாய்! இப்படிப் போகிறது. என்னைப் போன்றவனுக்கு நல்ல கதி உண்டா என்று கேட்கிறானே தவிர, என்னை மன்னித்துவிடு என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை.

கண்ணகி சொல்லும் பதில் அதைவிடக் கெட்டி. பரவாயில்லை என்று அவள் சொல்வதில்லை. அவளும் ஒரு கணக்கு வைக்கிறாள். நீங்கள் இல்லாத வீட்டில் அறவோருக்குக் கொடுக்கவும், துறவிகளை எதிர்கொள்ளவும், விருந்தினரை வரவேற்கவும் எனக்கு இல்லாமல் போயிற்று. உங்கள் தாயும் தந்தையும் வந்து பார்த்தபோது என் துன்பத்தை மறைத்துச் சிரித்தேன். அது பொய்ச்சிரிப்பு என்று கண்டு அவர்கள் நொந்தார்கள். நீங்கள் நடந்துகொண்டது பெரியவர்கள் மெச்சாத நடத்தை. உங்கள் சொல்லை மாற்றாத மனசு எனக்கு, அதனால்தான் எழுந்து வந்தேன். அவ்வளவுதான். ஒரு தரப்பு செய்ததைச் சொல்லிற்று, இன்னொரு தரப்பு பட்டதைச் சொல்லிற்று. மாதவியின் பெயர் இருவர் வாயிலும் வரவில்லை என்பது ஆச்சரியம்தான். பழியைத் தள்ளிவிட வசதியாக ஒருத்தி இருந்தும் அவன் தள்ளவில்லை. பிறகு அவளை அணைத்துக்கொள்கிறான், கண்ணீரை மறைத்துக்கொள்கிறான், ஒற்றைச் சிலம்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குகிறான். அன்றைக்கே அவன் தலை போகிறது. அந்தப் பேச்சு மட்டும் நடக்காமல் போயிருந்தால் கண்ணகி வழக்காடப் போயிருப்பாளா என்று நான் யோசித்ததுண்டு. போயிருப்பாள், அவள் அப்படிப்பட்டவள். ஆனால் வேறு ஒரு கண்ணகி போயிருப்பாள்.

பாண்டியன் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். கோவலன்மேல் தான் போட்ட பெயரை எடுத்துத் தன்மேல் போட்டுக்கொண்டான், உயிரை விட்டான். அதற்காகக் கண்ணகி சமாதானமாகிவிடவில்லை, மதுரை எரிந்தது. குற்றத்தை ஏற்பவன் எதிராளியின் மனசு ஆறும் என்று கணக்குப் போட்டு ஏற்கக்கூடாது என்று இளங்கோவுக்குத் தெரிந்திருக்கிறது.

மன்னிப்பு கேட்பது நம் ஊர்களில் இன்னொரு தொழிலும் பார்த்து வந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. 2021 மே மாதம், கொரோனா ஊரடங்கு. விழுப்புரம் மாவட்டம் ஒட்டனந்தல் கிராமத்தில் தலித் மக்கள் தங்கள் கோயில் திருவிழாவில் பாட்டுக் கச்சேரி வைத்தார்கள் என்று குற்றச்சாட்டு. வயதான ஆண்கள் மூவரை ஊர்ப் பஞ்சாயத்தின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழவைத்து மன்னிப்பு கேட்க வைத்தார்கள். யாரோ எடுத்த படம் வெளியே வந்ததால் வழக்குப் பதிவாயிற்று. ஊரடங்கை மீறியிருந்தால் அது அரசாங்கத்துக்கும் அவர்களுக்கும் உள்ள விஷயம். பஞ்சாயத்தார் காலுக்கு அதில் என்ன பாத்தியதை? விழுந்தவர்களிடம் யாரும் என்ன செய்தாய் என்று விவரம் கேட்கவில்லை. விழுந்தால் போதும். இந்த மன்னிப்பு மேலிருந்து கீழே ஒருநாளும் வருவதில்லை. கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்த பிறகு எந்தப் பண்ணையார் எந்தக் குடிசை வாசலில் வந்து விழுந்தார்? நம்மில் பலருக்கு மன்னிப்பு கேட்பது என்றாலே அவமானமாகத் தோன்றுவதற்கு இந்தப் பஞ்சாயத்துத் தரைதான் காரணம் என்பது என் கட்சி. அந்தத் தரையில் மன்னிப்பு என்பது யார் சின்னவன் என்று காட்டும் சடங்காகத்தான் இருந்திருக்கிறது. அதனால்தான் அதிகாரத்தில் இருப்பவருக்கு அந்தச் சொல் வாயில் வருவதேயில்லை. "வருத்தம்" மட்டும் தாராளமாக வரும்.

அந்தத் தாராளத்தை உலகம் முழுக்கப் பார்க்கலாம். ஜாலியன்வாலாபாக் நூற்றாண்டின்போது, 2019 ஏப்ரலில், பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே நாடாளுமன்றத்தில் எழுந்து அது வெட்கக்கேடான வடு என்றார், நடந்ததற்கு ஆழ்ந்த வருத்தம் என்றார். மன்னிப்பு என்ற இடத்துக்கு மட்டும் வரவில்லை. வருத்தப்பட யாருக்கும் உரிமை உண்டு, எனக்கும் வருத்தம்தான். சுடச் சொன்ன அரசின் வாரிசு வருத்தப்படுவதும் நான் வருத்தப்படுவதும் ஒன்றாகிவிடக் கூடாது.

இலங்கையில் 1983 ஜூலைக் கடைசி வாரம். கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடித் தேடி எரித்தார்கள். வெலிக்கடைச் சிறைக்குள் 25-ஆம் தேதியும் 27-ஆம் தேதியுமாக 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தன தொலைக்காட்சியில் பேசியது 28-ஆம் தேதி. அந்தப் பேச்சில் மன்னிப்பு இருக்கும் என்று அகதி முகாம்களில் கிடந்தவர்கள் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். ஆனால் ஓர் அனுதாபச் சொல்கூட இல்லை. எதிர்வீட்டுப் பகையாளி செத்தாலும் போய்க் கை நீட்டிவிட்டு வருகிற ஊர்க்காரர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2004 ஜூலையில், இருபத்தோராம் ஆண்டில், ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க பகிரங்கமாக மன்னிப்பு கேட்டார், இழப்பீடும் அறிவித்தார். அது பெரிய காரியம், குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் நாட்டு மக்கள் எல்லோருமே இந்தப் பழியை ஏற்க வேண்டும் என்ற பொருள்பட அவர் பேசினார். பட்டியலை எடுத்துக் கொடுத்த கைக்கும், பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்தைத் தன் அறைக்குள் ஒளித்துவைத்துக் காப்பாற்றிய சிங்களக் கிழவிக்கும் ஒரே பங்கா?

இதை ஓரளவு சரியாகச் செய்த நாள் என்று எனக்குத் தோன்றுவது 2008 பிப்ரவரி 13, ஆஸ்திரேலிய நாடாளுமன்றம். பழங்குடிப் பிள்ளைகளைத் தாய்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டுபோய் விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்த்தது அந்நாட்டில் பல பத்தாண்டுகள் நடந்த அரசாங்க வேலை. 1997-இல் விரிவான விசாரணை அறிக்கை வந்தது. முந்தைய பிரதமர் ஜான் ஹோவர்ட் 1999-இல் வருத்தத் தீர்மானம் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். கெவின் ரட் பிரதமராகி, நாடாளுமன்றம் கூடியதும் முதல் வேலையாக மன்னிப்புத் தீர்மானத்தை வைத்தார். அடுத்தடுத்த நாடாளுமன்றங்களும் அரசுகளும் போட்ட சட்டங்களுக்காக என்று, செய்தவரை அந்தச் சபையே தன் வாயால் சொல்லிற்று. பிறகு அவர் ஒரு மூதாட்டியின் கதையைச் சொன்னார். அவளுக்கு நாலு வயது இருக்கும்போது, அரசாங்க ஆட்கள் வந்தால் பிள்ளைகள் ஓடி ஒளிந்துகொள்ள ஓடைக்கரையில் குழி தோண்டி வைத்திருந்தார்களாம் அவள் வீட்டார். பிள்ளையை ஒளிக்கத் தோண்டிய குழியைப் பற்றி ஒரு பிரதமர் சபையில் சொல்கிறார். இனி அதை நடக்கவில்லை என்று யார் சொல்ல முடியும்?

அடுத்து எதிர்க்கட்சித் தலைவர் பிரெண்டன் நெல்சன் எழுந்தார். தீர்மானத்தை ஆதரித்துத்தான் பேசினார், அவரும் மன்னிப்பு கேட்டார். ஆனால் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டது என்பதையும், பழங்குடிச் சமூகங்களில் இன்றைக்கு இருக்கும் சீர்கேடுகளையும் இடையில் சேர்த்துக்கொண்டார். பெரிய திரைகளில் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் எழுந்து திரைக்கு முதுகைக் காட்டி நின்றது. சற்று முன்னால் அழுதுகொண்டிருந்த அதே மனிதர்கள். கேத வீட்டில் யாராவது ஒரு கூடுதல் வார்த்தை பேசிவிட்டால் பொறுத்துக்கொள்வார்கள், பாவம், என்ன சொல்வதென்று தெரியாமல் சொல்லிவிட்டார் என்று. மன்னிப்பில் அந்தப் பொறுமை கிடையாது. ஒரு "ஆனாலும்" போதும், மொத்தமும் போய்விடும்.

ரட் பேசிய அன்று இழப்பீடு அறிவிக்கப்படவில்லை, அந்தக் குறை அவர்மேல் நின்றது. நம் ஊரில் நிலைமை தலைகீழ். தொகை உண்டு, சொல் கிடையாது.

பாதாளச் சாக்கடையில் இறங்கிச் செத்தவர்களின் வழக்கை எடுத்துக்கொள்ளலாம். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரை அதற்குள் இறக்கக் கூடாது என்று 2013-இல் சட்டமே வந்துவிட்டது. 1993-க்குப் பிறகு அப்படிச் செத்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் பத்து லட்சம் கொடுக்கச் சொல்லி 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அதையே முப்பது லட்சமாக்கியது. தீர்ப்புகள் நல்ல தீர்ப்புகள். அந்தப் பணமும் கேட்டுக் கேட்டு, அலைந்து திரிந்துதான் கைக்கு வருகிறது, அது தனிக்கதை. நான் கவனிப்பது பணத்தோடு வருகிற அரசு அறிக்கையின் மொழியை. இன்னார் "விஷவாயு தாக்கி எதிர்பாராதவிதமாக" உயிரிழந்த செய்தி கேட்டு மிகுந்த வேதனை அடைந்தேன், குடும்பத்தாருக்கு ஆழ்ந்த இரங்கலையும் ஆறுதலையும் தெரிவித்துக்கொள்வதோடு, நிதியுதவி வழங்க உத்தரவிட்டுள்ளேன். தாக்கியது வாயு. அதை எதிர்பார்க்கவும் முடியாதாம், எதிர்பார்த்துத்தான் சட்டம் போட்டிருக்கிறார்கள் என்றாலும். அறிக்கை விட்டவர் எங்கிருந்தோ செய்தி கேட்டவர், நம்மைப் போல. பேருந்து கவிழ்ந்தாலும் இடி விழுந்தாலும் இதே அறிக்கைதான் வரும், அங்கே அது பொருந்தவும் செய்யும். இங்கே, கேதம் கேட்க வருகிற ஆளின் முகத்தோடு வந்து நிற்பது கேதத்துக்குக் காரணமானவர். காசோலை கொடுக்கும்போது அந்தப் பெண்ணை நிமிர்ந்து கேமராவைப் பார்க்கச் சொல்கிறார்கள்.

அந்தக் காசோலையோடு ஒரு கடிதம் போகலாம். இன்ன தெருவில், இன்ன குழியில், இன்ன நேரத்தில், முகமூடியும் கயிறும் இல்லாமல், இன்ன ஒப்பந்தக்காரர் சொல்லி உங்கள் புருஷன் இறக்கப்பட்டார்; தடுக்க வேண்டியது எங்கள் அலுவலகம், தடுக்கவில்லை. இதற்கு விசாரணைக் கமிஷன் எதுவும் போட வேண்டாம். தெருவும் நேரமும் ஒப்பந்தக்காரர் பெயரும் பெரும்பாலும் காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கையிலேயே இருக்கின்றன, பார்த்து எழுதினால் போதும். கடைசி வாக்கியத்தைத்தான் அவர்களாக எழுத வேண்டும்.